அஞ்செட்டி ராகி: சபை வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் எங்கள் தமிழ்ச் சபையில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு மேசை போட்டு ராகி, சாமை, கொள்ளு, அவரை விற்கிறோம். எல்லாம் கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் சங்கங்கள் விளைவித்தவை. மேசைக்குப் பின்னால் நிற்கிற எங்களிடம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வரிசை நீளும்போது நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களோடு தொகுத்திருக்கிறேன். அல்சூர், லிங்கராஜபுரம், விவேக்நகர் பக்கமிருந்து வந்து வாங்குகிற, சபையைச் சேராதவர்களின் கேள்விகளும் இதில் உண்டு.

"இது என்னக்கா, சபையே மளிகைக் கடை போட்டுடுச்சா?"

கடை என்றால் இருக்கிற சரக்கை வாங்கி விற்பது. இங்கே சரக்கு விளைவதற்கு முன்பே வாக்குக் கொடுத்துவிடுகிறோம். வைகாசிக் கடைசியில், விதைப்புக்கு முன்னால், சங்கத்துப் பெண்களும் நாங்களும் உட்கார்ந்து இந்த வருஷம் ராகிக்கு என்ன விலை, எத்தனை மூட்டை என்று பேசி முடிப்போம். கால் பங்குப் பணம் அப்போதே அவர்கள் கைக்குப் போய்விடும். ஆடியில் விதைக்கிறார்கள், கார்த்திகையில் அறுக்கிறார்கள், தை பிறந்ததும் மூட்டைகள் இங்கே வரும். பேசின விலைக்கு, பேசின அளவை எடுத்துக்கொள்வோம்.

முன்பணம் எங்கிருந்து வருகிறது என்றால், தங்கள் வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய ராகியை முன்கூட்டியே பதிவு செய்கிற குடும்பங்களிடமிருந்து. சபையின் காணிக்கைப் பணம் கொள்முதலில் சேராது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வருகிற பொருட்களை ஏலம் விடுகிற பணம் மட்டும் ஒரு காரியத்துக்குப் போகிறது. அதை யானை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"விசுவாசத்துக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம்? ஜெபம் பண்ணா ராகி விளைஞ்சிடுமா?"

மழைக்காக நாங்கள் ஜெபிக்கிறோம். அங்கே ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். ஆனால் ராகியை விளைய வைப்பது அந்த மண்ணும் மழையும் அந்தப் பெண்களின் உழைப்பும்தான். விளைந்ததில் யாருக்குப் பங்கு, யாருக்கு நியாயம் என்ற இடத்தில்தான் எங்கள் விசுவாசத்துக்கு வேலை இருக்கிறது.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. அறுக்கும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்கக் கூடாது, சிந்தின கதிரைப் பொறுக்கக் கூடாது, அதை எளியவர்களுக்கும் பரதேசிகளுக்கும் விட்டுவிட வேண்டும். ரூத் என்ற விதவை போவாஸின் வயலில் கதிர் பொறுக்கியது இந்தக் கட்டளையின்படிதான். அவளுக்கு யாரும் மூட்டை கட்டிக் கொடுத்து அனுப்புவதை அது சொல்லவில்லை. அவளே வயலில் இறங்கி, தன் கையால் எடுத்து, தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகிற உரிமையைச் சொல்கிறது. எங்கள் வேலை முழுக்க இந்த ஒரு அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

நம் வேதத்தில் மட்டும் இது இல்லை. சிவாஜிநகரிலிருந்து மாதம் தவறாமல் ராகி வாங்க வருகிற பாய் ஒருவர் உஷ்ர் பற்றிச் சொன்னார். இஸ்லாத்தில் விளைச்சலிலிருந்து ஏழைகளுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கு, அதாவது ஜகாத், அது. மழையை நம்பி விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. நீர் இறைத்துப் பாய்ச்சி விளைந்தது என்றால் இருபதில் ஒரு பங்கு போதும். தண்ணீர் இறைக்கிறவனின் கஷ்டத்தையும் செலவையும் கணக்கில் எடுத்துக்கொண்ட சட்டம் அது. எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

"இதெல்லாம் வெள்ளைக்கார மிஷனரிங்க ஆரம்பிச்சதுதானே சிஸ்டர்?"

சிலவற்றை அவர்கள் ஆரம்பித்தார்கள். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாம் ஹிக்கின்பாட்டம் 1910-ல் அலகாபாத்தில் தொடங்கிய விவசாயக் கல்வி நிறுவனம் இன்று பல்கலைக்கழகமாக இருக்கிறது. நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற பெட்டியை வடிவமைத்தவர் நியூட்டன் என்ற இயேசு சபைக் குரு. தேனீ வளர்க்கிறவர்கள் இன்றும் அதை நியூட்டன் பெட்டி என்றே சொல்கிறார்கள். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் நடத்திய கிராமப் புனரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் வேலை செய்தார். தேனீ வளர்க்கச் சொந்த நிலம் வேண்டாம், வீட்டு ஓரத்தில் நாலு பெட்டி வைக்க இடம் இருந்தால் போதும். நிலமில்லாத குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். மார்த்தாண்டம் தேனுக்கு இன்று இருக்கிற பெயர் அப்படி வந்ததுதான்.

ஆனால் அந்த ஒய்.எம்.சி.ஏ.வைக் கிராமங்களின் பக்கம் திருப்பியவர் சேலத்தில் பிறந்த தமிழர் கே.டி. பால். அதன் முதல் இந்தியப் பொதுச் செயலாளர் அவர். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1867-ல், வள்ளலார் வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கி, சாதி மதம் கேட்காமல் சோறு போட அடுப்பு மூட்டினார். அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பக்கத்து ஊர் மக்கள். அந்த வள்ளலாரை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, அவரும் கணவர் ஜெகந்நாதனும் தஞ்சைப் பகுதிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பை உண்டாக்கி, நிலச்சுவான்தார்களிடம் பேசி நிலம் வாங்கி, கூலிக் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று பெண்கள் பெயரில் பதிவு செய்து கொடுத்தார்கள். பக்தியோடு செய்கிற விவசாய வேலைக்கு முன்மாதிரி வேண்டும் என்றால் நான் முதலில் காட்டுவது அவர்களைத்தான்.

"ஏன் அஞ்செட்டி? பெங்களூர்லயே ஏழைங்க இல்லையா?"

இருக்கிறார்கள். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்து ஷெட்டில் தங்கியிருப்பவர்களைப் பாருங்கள்; அவர்களில் பலர் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஊரில் ஒரு போகம் மானாவாரி. மழை நின்றதும் இங்கே சித்தாள் வேலை. நம் சபையிலும் எத்தனை குடும்பங்களின் தாத்தா பாட்டி வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் இப்படிக் கிளம்பி வந்தவர்கள்! விரும்பி வருகிறவர் வரட்டும். வழியில்லாமல் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டிய நிலைமை இருக்கக் கூடாது.

ஓசூரைத் தாண்டி தேன்கனிக்கோட்டை வழியாகக் காட்டுக்குள் போகிற ரோடு அது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வீட்டுத் திண்ணையில் கேட்கும். ஆற்றுப் பாசனம் கிடையாது. ராகி, கொள்ளு, சாமை, இடையிடையே அவரை, துவரை, கடுகு. நல்ல மழை பெய்தால் ஏக்கருக்கு எட்டுப் பத்துக் குவிண்டால் ராகி வரும். பொய்த்தால் அதில் பாதிகூடத் தேறாது.

"கடையில இதைவிடக் கம்மியா கிடைக்குதே, நீங்க ஏன் அதிகம் சொல்றீங்க?"

2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அதாவது கிலோ கிட்டத்தட்ட 49 ரூபாய், அதுவும் களத்தில் விவசாயியின் கைக்கு வர வேண்டியது. கல் எடுப்பது, சாக்கு, வண்டி, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்த பிறகும் கடையில் அதை ஒட்டியோ குறைவாகவோ விற்கிறது என்றால், விவசாயிக்கு எவ்வளவு போயிருக்கும்? ஆடியில் விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் கடன், கார்த்திகையில் அவர் சொன்ன விலைக்கே அவருக்கே மூட்டை. எல்லோரும் ஒரே வாரத்தில் அறுக்கும்போது விலை விழும், ஆனால் வட்டி காத்திருக்காது. அதற்காகத்தான் முன்பணம்.

எங்கள் கணக்கு எளிது. அந்த வருஷத்து ஆதரவு விலைக்குக் கீழே போக மாட்டோம். அறுவடை சமயத்தில் சந்தை அதற்கு மேலே போனால் சந்தை விலையைக் கொடுப்போம். அதன்மேல் சுத்தம் செய்கிற கூலி, வண்டி வாடகை. மேசையில் நிற்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கு நோட்டு மேசை மேலேயே இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

"கவர்ன்மெண்டே கொள்முதல் பண்ணுதாமே, அப்புறம் நீங்க எதுக்கு?"

நல்ல விஷயம்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் தமிழக அரசு ராகிக்கு நேரடிக் கொள்முதல் நிலையங்கள் திறந்திருக்கிறது. 2023-லிருந்து தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டமும் வந்தது. நிலையத்தில் விற்க முடிகிறவர்கள் அங்கேயே விற்கட்டும் என்றுதான் நாங்களும் சொல்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், அங்கே சிட்டா, அடங்கல் கேட்பார்கள், அதாவது நிலம் யாருடையது, அதில் என்ன பயிர் என்று காட்டுகிற அரசுப் பதிவுகள். விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுகிறவருக்கும், மாமனார் பெயரில் பட்டா இருக்கிற விதவைக்கும் அதைக் காட்ட வழியில்லை. எங்கள் சங்கங்களில் இப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

"ஆர்கானிக் தானே? சர்டிபிகேட் காட்டுங்க."

சர்டிபிகேட் இன்னும் இல்லை. அதனால் பையில் ஆர்கானிக் என்று போடுவதில்லை, வாயாலும் சொல்வதில்லை. பூச்சிமருந்து ராகிக்கு யாரும் அடிப்பதில்லை. மாட்டெருவோடு கொஞ்சம் யூரியா போடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். யார் என்று சங்கத்துக்குத் தெரியும், கேட்டால் சொல்வார்கள்.

பி.ஜி.எஸ். என்றொரு முறை இருக்கிறது. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்வது. வெளி நிறுவனத்தை வரவழைத்துச் சான்று வாங்குவதைவிடச் செலவு குறைவு. இரண்டு சங்கங்கள் அதற்குத் தயாராகிக்கொண்டிருக்கின்றன. என் கருத்தைக் கேட்டால், உரத்தை விட்டால்தான் வாங்குவோம் என்று நாம் நிபந்தனை போடக் கூடாது. முதல் ஒன்றிரண்டு வருஷம் விளைச்சல் குறைந்தால் அந்த நஷ்டத்தைத் தாங்குவது அவர்கள்தான். நம்மில் யாராவது அதில் பங்கு எடுத்துக்கொள்ளத் தயார் என்றால் அப்போது பேசலாம்.

"ஜிம்பாப்வேல 'கர்த்தர் காட்டின விவசாயம்'னு ஒண்ணு இருக்காமே, அதை இங்க செய்யலாமா?"

அதை ஆரம்பித்தவர் பிரையன் ஓல்ட்ரீவ் என்ற ஜிம்பாப்வே விவசாயி, 1984-ல். பண்ணை கடனில் மூழ்கும் நிலையில் ஜெபித்ததாகவும், காட்டில் யாரும் உழுவதில்லை, தரையை எப்போதும் சருகு மூடியிருக்கிறது என்பதைக் கவனித்ததாகவும் சொல்வார். உழாமல் சிறு குழி தோண்டி விதைத்து, அறுத்த தாளால் நிலத்தைப் போர்த்தி, வேலையை நாள் தவறாமல் செய்வதுதான் அந்த முறை. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் சபைகள் வழியாகப் பரவியிருக்கிறது.

இங்கே ஒரு தடை உண்டு. மக்காச்சோளத் தட்டையை அங்கே நிலத்தில் விடலாம். அஞ்செட்டியில் ராகித் தாள்தான் மாட்டுக்குத் தீனி. அறுத்து, போர் போட்டு, கோடை முழுக்க அதை வைத்துத்தான் மாட்டைக் காப்பாற்றுவார்கள். அதை நிலத்தில் பரப்பச் சொன்னால் அந்த அம்மாக்கள் நம்மைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். வேலி ஓரத்துச் சருகை வைத்து ஒரு சங்கத்தில் அவரைப் பாத்தியில் செய்து பார்க்கிறார்கள்.

"சாமை எப்பவும் ஏன் சீக்கிரம் தீர்ந்துடுது?"

ராகியை அப்படியே அரைக்கலாம். சாமைக்கு உமி நீக்க வேண்டும், அதில் எடை கணிசமாகக் குறையும். உரலில் குத்துவது அந்தப் பெண்களுக்கு இடுப்பொடிகிற வேலை. மெஷின் இருக்கிற ஊருக்கு எடுத்துப்போக வண்டி வேண்டும். அதனால் சாமை கொஞ்சம்தான் வருகிறது. ராகி வேண்டியமட்டும் வாங்கி வையுங்கள், தானியமாக வைத்தால் சீக்கிரம் புழு வைக்காது. மாவு மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள்.

"யானை வந்து தின்னுட்டுப் போயிடுச்சுன்னா நஷ்டம் யாருக்கு?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தோஷம், நிலைமை தெரிந்து கேட்கிறார்கள். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வருகின்றன. ராகி பால் பிடித்துக் கதிர் முற்றுகிற சமயமும் அதேதான். இந்தக் காடுகளின் ஒரு பகுதி 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சங்கத்துப் பெண்களின் நிலங்களில் பல காட்டை ஒட்டியே இருக்கின்றன. ராத்திரி பரண் மேல் ஏறிக் காவல் இருக்கிறார்கள். தகர டின், டார்ச், ஒரு கம்பளி, ஒரு தூக்குச் சட்டியில் கூழ். ஆண்கள் வேலைக்குப் பெங்களூர் போயிருந்தால் அம்மாவும் பெண்ணும் மாறி மாறி விழிப்பார்கள். கூட்டமாக வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஒரே ராத்திரியில் ஒரு ஏக்கர் காலி.

நஷ்டத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வது எங்கள் ஒப்பந்தம். கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம். முன்பதிவு செய்த குடும்பங்களுக்கு அந்த வருஷம் ராகி குறையும், இதை எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் பதிவு செய்கிறோம். அதற்கு மேலும் போன நஷ்டத்துக்கு அறுப்பின் பண்டிகை ஏலப் பணம். நம் சபையில் ஒரு பூசணிக்காயை நாலு பேர் ஏலம் எடுத்து நாலு பேரும் திருப்பிக் காணிக்கையாகவே கொடுத்துவிடுவார்கள் இல்லையா, அந்தப் பணம் முழுக்க இப்போது இந்த நிதிக்குத்தான் போகிறது. வனத்துறை இழப்பீட்டுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறோம். வேலியில் நேரடியாகக் கரண்ட் விடுகிறவர்களிடம் மட்டும் வாங்க மாட்டோம். அது சட்டவிரோதம், யானையும் சாகும், ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற மனுஷரும் சாவார்கள். இந்த விதியைப் போட்டதே சங்கத்துப் பெண்கள்தான்.

"எனக்கு ராகி வேண்டாம், நன்கொடையா ஐயாயிரம் தர்றேன், ரசீது கொடுங்க."

மனசுக்கு நன்றி. ஆனால் முதலில் ராகி வாங்குங்கள். நீங்கள் சாப்பிடாவிட்டால் வீட்டில் வேலை செய்கிறவருக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுங்கள். நன்கொடை வந்தால் இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வேறு ஊரில் வெள்ளம் வந்தால் அங்கே போய்விடும். வாங்குகிறவர் நிலையாக இருந்தால்தான் அடுத்த ஆடிக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று அவர்களால் முடிவு செய்ய முடியும்.

யானை நிதிக்குக் கொடுக்கலாம். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்பார்கள்) இதற்குக் கிடையாது, அந்தப் பதிவு எங்களுக்கு இல்லை. வேறு எந்த அறக்கட்டளைக்குக் கொடுத்தாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. வெளிநாட்டில் இருக்கிற மகன் அனுப்புகிறேன் என்றாலும் கவனம் வேண்டும். மகன் இந்தியக் குடிமகனாக இருந்து தன் சொந்தப் பணத்தை அனுப்பினால் பரவாயில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அது வெளிநாட்டு நிதி, அதைப் பெறுவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு இல்லாமல் நாங்கள் தொடக் கூடாது.

"உண்மையைச் சொல்லுங்க, மதம் மாத்தத்தானே இதெல்லாம்?"

இந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்டவர்களும் உண்டு, ஆசையாகக் கேட்டவர்களும் உண்டு. இருவருக்கும் பதில் ஒன்றே. இல்லை. சங்கங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் மாரியம்மனையும் முனீஸ்வரனையும் கும்பிடுகிறவர்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் சில உண்டு. யாரிடமிருந்து வாங்குவது என்பதில் அது பார்க்கப்படுவதில்லை. விலை பேசுகிற கூட்டத்தில் ஜெபம் நடத்துவதில்லை, மூட்டையிலோ பையிலோ சிலுவையோ வசனமோ போடுவதில்லை, துண்டுத்தாள் வைப்பதில்லை.

சபையில் சிலருக்கு இதில் வருத்தம். சாட்சி சொல்ல வாய்ப்பிருந்தும் வாய் மூடி இருக்கிறோமே என்று கேட்கிறார்கள். கடனில் இருக்கிறவளிடம் ஒரு கையில் பணத்தை வைத்துக்கொண்டு மறு கையில் வேதத்தை நீட்டினால், அவள் சொல்கிற ஆம் எதற்கான ஆம் என்று யாருக்குத் தெரியும்? போவாஸ் ரூத்திடம் எதையும் கேட்டுவிட்டுக் கதிர் பொறுக்க விடவில்லை. நாங்கள் யார், எதை நம்புகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டால் மறைக்காமல் சொல்வோம்.

"சங்கத்துக்குள்ள சாதி பார்க்கறாங்களா?"

ஊரில் சாதி இருக்கும்போது சங்கத்தில் இல்லாமல் போய்விடாது. ஒரு ஊரில் சிமெண்ட் களம் ஊர்த் தெருப் பக்கம் இருந்தது. காலனிப் பெண்கள் தங்கள் ராகியை அங்கே காய வைக்க முடியவில்லை. வாய் திறந்து யாரும் கூடாது என்று சொன்னதில்லை. எப்போது போனாலும் களத்தில் வேறு யாருடைய கதிராவது இருக்கும், அவ்வளவுதான். அதனால் அவர்கள் தார் ரோட்டில் கதிரைப் பரப்பி, பஸ் ஏறி மிதிக்க விட்டு, தூற்றி எடுத்தார்கள். நீங்கள் கல் இருக்கிறது என்று குறை சொன்ன மூட்டைகள் அவைதான். கல்லுக்காக விலை குறைத்திருந்தால், களம் மறுக்கப்பட்டவர்களுக்கே அபராதமும் போட்டதாக ஆகியிருக்கும்.

அதன்பிறகு இரண்டு விதி வந்தது. களம் பொதுவில்லாத ஊரில் யாரிடமும் கொள்முதல் கிடையாது; எடை போடும்போது வரிசை சீட்டுக் குலுக்கித்தான். முதல் விதியால் ஊர்த் தெருக்காரர்களுக்கும் விற்பனை நின்றது, அவர்களே பேசி முறை வைத்துக்கொண்டார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் சபைகளிலும் கல்யாணப் பேச்சில், கல்லறையில், கமிட்டித் தேர்தலில் சாதி வருகிறது. அஞ்செட்டிக்குப் போய்ச் சமத்துவம் பேசுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை இங்கேயும் பேச வேண்டும்.

"நானே அங்க ரெண்டு ஏக்கர் வாங்கி அவங்களையே உழ விடட்டுமா? புண்ணியமும் ஆச்சு, இன்வெஸ்ட்மென்டும் ஆச்சு."

வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெங்களூர்க்காரர்கள் வாங்க ஆரம்பித்தால் நில விலை ஏறும். ஏறினால் அந்தப் பெண்களால் ஒருபோதும் சொந்தமாக வாங்க முடியாது. உங்கள் நிலத்தில் அவர்கள் உழுதால் மறுபடியும் சிட்டா இல்லாத வாரதாரர்தான். முன்னே சொன்ன கொள்முதல் நிலையச் சிக்கல் அப்படியே தொடரும். வருஷத்துக்கு 6,000 ரூபாய் வருகிற பி.எம். கிசான் பணமும் நில உடைமையாளர் குடும்பத்துக்குத்தான்.

அதையும் மீறி எங்கேயாவது தமிழ்நாட்டில் நிலம் பார்க்கிறீர்கள் என்றால், பஞ்சமி நிலமா என்று பாருங்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892-ல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுக்க முடிவு செய்த நிலங்கள் அவை. மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். முதல் பத்து வருஷம் விற்கவே கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படி இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போய்விட்டது. வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்தால் இது தெரியாது. தாலுகா அலுவலகத்தில் கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டைப் பார்க்க வேண்டும். புரோக்கர் "டி.சி. நிலம்தான், ஒண்ணும் பிரச்சினை இல்லை சார்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்; டி.சி. நிலம் என்பது பஞ்சமி நிலம்தான். கர்நாடகத்தில் தலித், பழங்குடி மக்களுக்கு அரசு வழங்கிய நிலத்தை அனுமதியில்லாமல் வாங்கினால் 1978-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது செல்லாது.

நிலத்தில் உதவ வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. பட்டா மாற்றத்துக்கு, வாரிசுச் சான்றுக்கு அலைகிற பெண்களோடு ஒரு நாள் தாலுகா அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. அதைப் படித்துச் சொல்ல, மனு எழுத ஆள் இல்லை. நம் சபையில் ரிட்டயர்டு ஆன ஆபீஸர்கள் எத்தனை பேர்!

"எங்க கோவில் கமிட்டியிலும் இப்படிச் செய்யணும்னு ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

கேட்டதற்கே சந்தோஷம். கோவில் என்றால் உங்களுக்கு ஏற்கனவே ஒரு வசதி இருக்கிறது: அன்னதானத்துக்கும் பிரசாதத்துக்கும் மாதம் எவ்வளவு அரிசி, பருப்பு, வெல்லம் வாங்குகிறீர்கள் என்ற கணக்கு. அதை எடுத்துக்கொண்டு உங்கள் ஆட்களின் சொந்த ஊர்ப் பக்கம் ஒரே ஒரு கிராமத்துக்குப் போங்கள். முதல் வருஷம் ஒரு பயிர் போதும். விலையை விதைப்புக்கு முன் பேசுங்கள், எழுதுங்கள், ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள். நீங்கள் எடுத்துக்கொள்ள முடிகிற அளவுக்கு மேல் ஒரு மூட்டைகூட வாக்குக் கொடுக்காதீர்கள். பரிதாபப்பட்டு ஐம்பது மூட்டை சொல்லிவிட்டு முப்பது எடுத்தால், மிச்ச இருபதை அவர்கள் வியாபாரியிடம் அவமானப்பட்டு விற்க வேண்டும்.

பதிவு, கம்பெனி எல்லாம் அப்புறம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பதியலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான், அது நல்ல ஏற்பாடு. இப்படிப்பட்ட நிறுவனங்களுக்காக 2020-ல் வந்த மத்திய அரசின் எஃப்.பி.ஓ. திட்டத்தில் உதவி வேண்டும் என்றால் சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். ஆள் சேர்ப்பதற்காக அவசரப்பட்டுப் பெயர் எழுதுவது வேண்டாம். கூட்டத்துக்கு வராத உறுப்பினர் நோட்டில் மட்டும்தான் இருப்பார்.

"நீங்க எல்லாம் வயசாகி விட்டுட்டா அவங்க கதி?"

அதனால்தான் மொத்த விளைச்சலையும் நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் முதலில் ஒதுக்கிவிட வேண்டும். மிச்சத்தில் பாதிக்கு மேல் நமக்கு விற்கக் கூடாது என்று சங்கமே தீர்மானம் போட்டிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எடை போடுகிற அன்று ஒரு மரக்கால் ராகி பொது விதைக்குப் போகிறது. கல் நீக்குகிற மெஷினை அவர்கள் பெயரில், அவர்கள் ஊரில்தான் வாங்கியிருக்கிறோம். போன வருஷம் ஓசூரில் இரண்டு அபார்ட்மெண்ட்களோடு அவர்களே நேரில் பேசி விற்க ஆரம்பித்திருக்கிறார்கள், நம்மிடம் சொன்னதைவிட நல்ல விலைக்கு.

இந்த வருஷத்து விலைப் பேச்சு வைகாசி கடைசிச் சனிக்கிழமை, அஞ்செட்டியில். இங்கிருந்து வேன் காலை ஆறு மணிக்குக் கிளம்பும். பதிவு செய்த குடும்பத்திலிருந்து ஒருவராவது வர வேண்டும் என்று சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில், ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும். பெயர் கொடுக்க வேண்டியவர்கள் அதற்கு முந்தின ஞாயிறுக்குள் மேசையில் எழுதி வையுங்கள்.